இருபத்திமூன்றாம் மாடி

ஏழு பேர், ஒன்றரை மணி நேரம்.
பதிவுத்தாளில் 'விசேஷம்' என்ற கட்டத்தை
நிரப்பாமல் விட்டிருந்தார்கள்.
பிறந்தநாள் என்றால் பலூன் கட்டுவேன்.
மோதிரம் மாற்றுகிறவர்கள் என்றால்
பாலத்துக்கு அடியில் எஞ்சினை அணைப்பேன்.
காலிக் கட்டத்துக்கு என்ன செய்ய?
இருக்கைகளை இன்னொரு முறை துடைத்து வைத்தேன்.

முதலில் ஏறியவள்
இருக்கையின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்து
"மோசமில்லை" என்றாள்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் மாதத்து ராட்டர்டாம்.
மாஸ் ஆறு ஈயத் தகடாய்க் கிடந்தது.
கழுத்து நீண்ட ஒண்டிக்கால் பாலத்தை
ஊரார் அன்னம் என்கிறார்கள்.
அதன் நிழலை நாங்கள் கடந்தபோது
தொமிங்காஸ் மீன் பணியாரம் பொரித்து வந்த
டப்பாவைத் திறந்தாள்.
ஷாம்பெய்னுக்கென்று வைத்திருந்த கிண்ணங்களில்
எவெலீனா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள்.
கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான்
குடித்தார் கிஸூன்.

"அதோ, நம்ம பங்களா."

கண்ணாடிக் கோபுரம். முப்பது மாடி.
பதினொரு வருஷம் உள்ளே கூட்டித் துடைத்தவர்கள்
சாயங்காலத்தில் அதை வெளியே நின்று பார்த்ததில்லை.
எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில்
இவர்கள் பின்வாசலில் அட்டை தேய்ப்பார்கள்.
"எட்டு என்னோடது."
"பதினாலில் ஒருத்தன் ஆரஞ்சுத் தோலை
தொட்டியில் தவிர எல்லா இடத்திலும் போடுவான்."
"உன் படகையும் தெரியும்" என்றாள் எவெலீனா என்னிடம்,
"வலப்பக்கத்துப் பச்சை விளக்கு கண்ணடிக்குமே,
அதை மாற்றவே மாட்டாயா?"

திங்கள் முதல் வேறு கம்பெனி.
டெண்டர் கை மாறிவிட்டது.
மிச்சமிருந்த லீவை ஏழு பேரும்
ஒரே நாளில் கொட்டித் தீர்த்தார்கள்.
எட்டாமவன் அதெரிட்டு மட்டும் வேலைக்குப் போயிருக்கிறான்.
தீவில் பிறந்தவன்,
படகைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும்.
ஏழு பத்துக்கு இருபத்திமூன்றாம் மாடியில்
விளக்கை மூன்று தடவை அணைத்துப் போடுவதாக
வாக்குக் கொடுத்திருந்தான்.

ஏழு பத்து.
ஏழு பதினைந்து.
இருபத்திமூன்று கரிப்பலகையாக நின்றது.
வற்றம் படகைக் கடலுக்கு இழுத்தது.
மூக்கை எதிர்நீரில் திருப்பி
எஞ்சினை மெதுவாக உறுமவிட்டு
அங்கேயே நிறுத்திப் பிடித்தேன்.
தண்ணீர் டாக்ஸி ஒன்று சீறிப் போக
தேநீர் தளும்பியது. நாலு பேர் ஒரே நேரத்தில்
துணி தேடினார்கள்.

"அங்கே ஏதுடா சுவிட்ச்?" என்றார் கிஸூன் திடீரென்று.
"போன வருஷம்தான் எல்லாத்தையும் சென்சார் ஆக்கினானே.
ஆள் அசைந்தால் எரியும்,
ஆள் இல்லையென்றால் அணையும்."
யாரும் பதில் சொல்லவில்லை.
ஒருத்தி பணியார டப்பாவை மூடினாள்.

அப்போது
இடது ஓரத்தில் ஒரு ஜன்னல்.
அடுத்தது.
அதற்கடுத்தது.
வெளிச்சம் ஓடியது, ஐயோ,
வெளிச்சத்துக்குக் கால் முளைத்து ஓடியது,
முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாய் அணைய
வலது ஓரம் வரை போய்
இடித்துக்கொண்டதுபோல் நின்று
திரும்பி ஓடி வந்தது.
"முட்டிவலிக்காரன்!" என்று கத்தினாள் தொமிங்காஸ்.
"டேய், போதும்டா, உட்காருடா!"
அரைக் கிலோமீட்டர் தண்ணீருக்கும்
இரட்டைக் கண்ணாடிக்கும் அப்பால்
அவன் மூன்றாம் முறையும் ஓடினான்.
சொன்னால் சொன்னதுதான் போல.

பன்னிரண்டு நிமிஷம் தாமதமாகக் கரை சேர்ந்தோம்.
கணக்கில் 'எதிர்நீர்' என்று எழுதினேன்.
இறங்கும் முன் ஏழு பேரும் இருக்கைகளைத் துடைத்தார்கள்.
தடுத்துப் பார்த்தேன், கேட்டால்தானே.

வெறும் படகோடு திரும்புகையில்
அதே மாடியில் ஒரே ஒரு ஜன்னல்.
ரொம்ப நேரம் கழித்து
அதன் பக்கத்து ஜன்னல்.
வாக்குவம் இழுக்கிறான்.

பச்சை விளக்குக்குப் புது பல்பு வாங்கினேன்.
ஞாயிறு போகட்டும் என்று
டப்பாவிலேயே இருக்கிறது.